பழைய காருக்குப் புதிய வயர்: முற்றத்தில் நிற்கும் வாகனத்தை இரும்புக்கு விற்கும் முன்

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் ஓடுவதைக் காணலாம். அறுபது, எழுபது வயதைத் தாண்டிய வாகனங்கள் அவை. வெளியூரிலிருந்து வருபவர்கள் அவற்றைப் படம் பிடிக்கிறார்கள். எமக்கோ அவை அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்ற கார். மாமா வாடகைக்கு ஓடிய கார். பிள்ளை பெற அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கார்.

ஓடுகின்ற கார்களை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓடாமல் நிற்கின்ற கார்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டின் பின்புறத்தில், கிடுகுக் கொட்டிலுக்குள், முள்முருங்கை வேலியோரம், காற்றுப் போன நான்கு ரயர்களுடன் அவை நிற்கின்றன. ஓட்டியவர் இறந்துவிட்டார், அல்லது காணாமற்போய்விட்டார், அல்லது வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எஞ்சியிருப்பவர் ஒரு பெண். ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவர் படலையைத் தட்டி, “அம்மா, இது இனி ஓடாது. வயர் எல்லாம் போயிட்டுது. நிறைக்குத் தாங்கோ” என்று கேட்கிறார்.

அவர் சொல்வது உண்மையா? வயர் போனால் கார் போய்விட்டதா? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

தடைக்காலத்தைத் தாண்டிய கார்கள்

மொறிஸ் மைனர் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பிரித்தானியாவில் செய்யப்பட்ட கார்களுள் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியதும் இதுதான். உருவத்தில் சிறியது, அமைப்பில் எளியது, பொனற்றைத் திறந்தால் எந்த உறுப்பையும் கையால் தொடலாம்.

இந்த எளிமைதான் யுத்த காலத்தில் அவற்றைக் காப்பாற்றியது. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி போன்றவை பொருளாதாரத் தடைக்குள் வந்தன. கிடைத்த கொஞ்சப் பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்து, அதைக் கொண்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பற்றரி இல்லாதபோது தள்ளி அல்லது முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சுற்றி உயிர்ப்பித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டதும் அதே காலந்தான். மின்சாரத்தைக் கையால் உண்டாக்கிப் பழகிய தலைமுறை நாங்கள். ஒரு காரின் வயரைக் கண்டு நாம் அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வீட்டில் கண்டது

வலிகாமத்தில் ஒரு வீட்டில் இந்த வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வீட்டுக்காரி தையல் தொழில் செய்பவர். ஐம்பது வயதை நெருங்குகிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கார் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அவருடைய மாமனார் வாடகைக்கு ஓடியது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வோடு மகன் வன்னிக்குப் போனார். மாமனாரும் மாமியாரும் திரும்பி வந்து வீட்டையும் காரையும் பார்த்துக்கொண்டார்கள். 2003 இல் ஏ-9 பாதை திறந்திருந்த காலத்தில் காரை மகனுடைய பெயருக்கு மாற்றினார்கள். 2009 இல் மகன் காணாமற்போனார். அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளுடன் செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010 இல் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“நான் வந்து பாக்கேக்க காருக்குள்ள கோழி அடை கிடக்குது. வயர் எல்லாம் எலி கடிச்சுப் போட்டுது. மிச்சத்தைத் தடைக்காலத்தில மாமாவே வெட்டி எடுத்து வீட்டுக்குப் பாவிச்சவராம்.”

பழைய இரும்புக்கு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாமியார் சம்மதிக்கவில்லை. “அவன் வந்தால் கார் எங்கை எண்டு கேப்பான்” என்பதுதான் அவருடைய ஒரே பதில். அந்தப் பதிலுக்கு மறுபேச்சுப் பேச மருமகளால் முடியவில்லை. ஆனால் விற்காமல் வைத்திருப்பது மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றாது. ஒவ்வொரு மாரியிலும் அடித்தகடு இன்னும் கொஞ்சம் கறள் பிடித்துக் கொண்டிருந்தது.

மகன் உயர்தரம் முடித்து, வாகன மின்னியல் பயிற்சிக்குச் சேர்ந்தான். அவன்தான் தொடங்கலாம் என்றான். ஒரு திருத்தகத்தில் விசாரித்தபோது, பழைய வயர்க்கட்டைத் தொட ஆட்கள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் வாகன மின் வேலை செய்து ஓய்ந்த ஐயா ஒருவர் வழிகாட்ட ஒத்துக்கொண்டார். தை மாதத்தில் தொடங்கி வைகாசி வரை, சனி ஞாயிறுகளில் தாயும் மகனும் இருந்து செய்தார்கள். ஐயா மூன்று முறை வந்து பார்த்தார். அவ்வளவுதான்.

“நான் ஊசி நூல் பிடிச்சுப் பழகின கை. வயர் எண்டாலும் ஒரு நூல்தானே தங்கச்சி. எங்கை தொடங்குது, எங்கை முடியுது எண்டு தெரிஞ்சால் காணும்” என்றார். அவர் செய்த முறையையே கீழே படிப்படியாகத் தருகிறேன்.

வயர் ஏன் முதலில் கெடுகிறது?

காரின் எல்லா வயர்களும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு மரக்கிளை போலப் பிரிந்து போகின்றன. இதனை வயர்க்கட்டு என்போம். திருத்துநர்கள் ‘ஹானஸ்’ என்பார்கள். பழைய கார்களில் இதன் வெளிப்புறம் பருத்தி நூலால் பின்னப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் உறை, பழைய மாதிரிகளில் றப்பர். பின்னர் வந்தவற்றில் பிளாஸ்ரிக்.

றப்பர் வெயிலிலும் இயந்திரச் சூட்டிலும் காய்ந்து வெடிக்கும். பருத்தி எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும். எலி கடிக்கும். உறை உதிர்ந்தால் உள்ளே செப்புக் கம்பி வெறுமையாகும். அது காரின் தகட்டைத் தொட்டால் பற்றரியில் இருக்கும் சக்தி முழுவதும் அந்த ஒரு வயரால் ஒரே நேரத்தில் பாயும். வயர் சிவந்து, மேலிருக்கும் பருத்தி தீப்பிடிக்கும். பழைய கார்கள் எரிவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே, “ஓடினால் ஓடட்டும்” என்று பழைய வயரில் புதுப் பற்றரியைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது. வயர் வேலை முடியும்வரை பற்றரியைப் பூட்டவே கூடாது.

முதலாவது வேலை: பற்றரியைக் கழற்றுதல்

இன்றைய வாகனங்களில் பற்றரியின் மறை முனை உடற்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலத்து மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் இது எதிர்மாறு. நேர் முனைதான் உடற்பகுதியோடு இணைந்திருக்கும். இதை அறியாமல் இக்காலத்து முறையில் பற்றரியைப் பூட்டி மின் உறுப்புகளைக் கெடுத்தவர்கள் பலர்.

எந்த முறையாக இருந்தாலும் விதி ஒன்றுதான். உடற்பகுதியோடு போகும் வயரை, அதாவது ஏர்த் வயரை, முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது கடைசியாகப் பூட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றப் போனால், சாவி தகட்டில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கையில் காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிக்கொடி வெளியே தொங்கினால் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

பெற்றோல் தாங்கி மொறிஸ் மைனரில் பின்பக்கம், பொருள் வைக்கும் பகுதிக்குக் கீழே இருக்கிறது. பழைய எண்ணெய் வெளியேற்றப்பட்டாலும் ஆவி நிற்கும். அதன் அருகே ஈயம் உருக்குவதோ விளக்கு வைப்பதோ கூடாது. ஒரு வாளி மண் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை: எழுதி வைத்தல்

பழைய வயர்க்கட்டை இழுத்து எறிந்துவிடாதீர்கள். அது எவ்வளவு பழுதடைந்திருந்தாலும் அதுதான் உங்கள் அளவுச் சட்டை. சட்டை தைப்பவர் பழைய சட்டையைப் பிரித்து அளவெடுப்பதில்லையா? அதுபோலத்தான்.

ஒரு நாற்பது தாள் கொப்பி எடுங்கள். ஒவ்வொரு வயரும் எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது, என்ன நிறம், எவ்வளவு நீளம், எவ்வளவு மொத்தம் என்று எழுதுங்கள். சிறு துணித்துண்டில் அல்லது வெள்ளை ரேப்பில் இலக்கமிட்டு வயரின் இரு முனையிலும் ஒட்டுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றுமுன் படம் எடுங்கள். நான் போன வீட்டில் அறுபத்திரண்டு துணித்துண்டுகள். எல்லாம் தையலில் மிஞ்சியவை.

நிறங்களுக்கு ஒழுங்கு இருக்கிறது. பிரித்தானியக் கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் மின் உறுப்புகளே பெரும்பாலும் இருந்தன. அந்த முறைப்படி:

மண்ணிறம்: பற்றரியிலிருந்து வரும் முதன்மை மின். எந்நேரமும் உயிரோடிருக்கும்.
வெள்ளை: சாவியைத் திருப்பியதும் உயிர்பெறும் வயர்.
பச்சை: சாவியைத் திருப்பிய பின், பியூஸ் வழியாக வருவது. பிறேக் லைற், வைப்பர், எண்ணெய் அளவுகாட்டி முதலியன.
நீலம்: முன் பெரிய லைற்றுகள்.
சிவப்பு: சிறிய லைற்றுகளும் பின் லைற்றுகளும்.
மஞ்சள்: பெரும்பாலும் டைனமோவிலிருந்து வருவது.
கறுப்பு: ஏர்த்.

அடிநிறத்தின் மேல் இன்னொரு நிறக் கோடு இருந்தால், அது அந்தக் கிளையின் உட்பிரிவு. உதாரணமாக, நீலத்தில் வெள்ளைக் கோடு தூரவெளிச்சம். நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்வெளிச்சம். கோடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே உங்கள் காரின் ஆண்டுக்குரிய வயர்ப் படத்தையே பின்பற்ற வேண்டும். அந்தப் படம் காரின் திருத்தக் கைநூலில் இருக்கும். நிறம் மங்கிப் போன வயராயின், பிணைப்பு முனையின் உட்புறத்தைப் பாருங்கள்; வெயில் படாத இடத்தில் நிறம் தங்கியிருக்கும்.

மூன்றாவது வேலை: சரியான வயரை வாங்குதல்

தயாரான வயர்க்கட்டுகளை இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள் எடுப்பிக்கலாம். காரின் ஆண்டு, மாதிரி, கைகாட்டியா மின்னும் லைற்றா என்பதைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். 1961 வரை வந்த மொறிஸ் மைனர்களில் திரும்பும்போது பக்கத்திலிருந்து எழும் கைகாட்டிதான் இருந்தது. வசதியில்லாதவர்கள் வயரை வாங்கிப் பழைய அளவில் தாமே கட்டலாம்.

வீட்டு மின் வேலைக்குப் பாவிக்கும் வயரைக் காருக்குப் போடக் கூடாது. அதன் உள்ளே தடித்த ஒரு கம்பி அல்லது சில கம்பிகளே இருக்கும். கார் அதிரும்போது அது மடிந்து மடிந்து முறிந்துவிடும். வாகன வயருக்குள் மெல்லிய கம்பிகள் பல இருக்கும், அதனால் வளையும்.

மொத்தத்தைப் பாருங்கள். 0.30 மில்லிமீற்றர் கம்பி 14 கொண்ட வயர் ஏறத்தாழ 1 சதுர மில்லிமீற்றர். 8 அம்பியர் அளவு தாங்கும். சிறிய லைற்றுகளுக்குப் போதும். 28 கம்பி கொண்டது 2 சதுர மில்லிமீற்றர். 17 அம்பியர் அளவு தாங்கும். முன் பெரிய லைற்றுகளுக்கு இதுவே நல்லது. 44 கம்பி கொண்டது 3 சதுர மில்லிமீற்றர். பற்றரியிலிருந்தும் டைனமோவிலிருந்தும் வரும் முதன்மை வழிக்கு. ஸ்ராட்டர் மோட்டருக்குப் போவது இவை எல்லாவற்றிலும் தடித்த தனிக் கேபிள்.

சின்னக் கணக்கு ஒன்று

வாற் எண்ணிக்கையை வோல்ற் எண்ணிக்கையால் பிரித்தால் அம்பியர் வரும். இந்தக் கார்களின் பற்றரி 12 வோல்ற். முன் லைற் ஒன்று தூரவெளிச்சத்தில் 42 வாற் என்றால் இரண்டுக்கும் 84 வாற். 84 ஐ 12 ஆல் பிரிக்க 7 அம்பியர். சிறிய லைற்றுகளும் பின் லைற்றுகளும் தலா 6 வாற்; நான்குக்கும் 24 வாற்; அது 2 அம்பியர். இவற்றோடு இயந்திரத்தின் கொயிலும் வைப்பரும் சேர்ந்தால், மழை இரவில் ஏறத்தாழ 15 அம்பியர் போகும்.

அக்காலத்து டைனமோ உச்ச அளவில் கொடுப்பது 19 முதல் 22 அம்பியர் வரை. கார் நின்று மெதுவாக இயங்கும்போது ஏறக்குறைய எதுவும் கொடுக்காது. அதனால்தான் புதுமாதிரி 60 வாற் பல்ப், பெரிய பாட்டுப்பெட்டி, காற்றாடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பற்றரி இறங்கிவிடுகிறது. நேர்முனை ஏர்த் உள்ள காரில், கைத்தொலைபேசி சார்ஜரை யோசியாமல் பூட்டினால் அதுவும் பழுதாகும். வரவுக்கு ஏற்ற செலவு என்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் பொருந்தும்.

நான்காவது வேலை: பூட்டுதல்

கிளை கிளையாகச் செய்யுங்கள். முதலில் பின் லைற்றுகள், அடுத்து முன் லைற்றுகள், அடுத்து ஹோர்ன், வைப்பர் என்று ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இதில் கவனிக்க வேண்டியவை:

வயரை முறுக்கி ரேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. சூட்டில் ரேப்பின் பசை உருகும், ஈரம் புகும். இந்தக் கார்களில் இணைப்புக்குச் சிறிய பித்தளை முனைகள் உண்டு. வயரை அதனுள் விட்டு ஈயம் வைத்து, உறையுள்ள குழாய்க்குள் இறுக்கிச் செருக வேண்டும்.

தகட்டின் துளை வழியாக வயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் றப்பர் வளையம் போட வேண்டும். மிகச் சிறிய செலவு. அதைப் போடாவிட்டால் தகட்டின் விளிம்பு ஒரே ஆண்டில் உறையை அறுத்துவிடும்.

ஏர்த்தைக் கவனியுங்கள். பழைய கார்களின் கோளாறுகளில் பெரும்பகுதி வயரில் இல்லை, ஏர்த்தில்தான் இருக்கிறது. கறளும் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும். ஏர்த் பூட்டும் இடத்தைச் சான்ட் பேப்பரால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாசர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் அல்லது வசலின் பூசுங்கள். பிறேக்கை மிதிக்கும்போது வேறொரு லைற் மங்கினால், ஏர்த் சரியில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மொறிஸ் மைனர் 1000 காரில் இருப்பவை இரண்டே இரண்டு பியூஸ்கள். முன் பெரிய லைற்றுகளுக்குப் பியூஸ் கிடையாது. புதிதாக வயர் போடும்போது அந்த வழிக்கு ஒரு தனிப் பியூஸ் சேர்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 அம்பியர் மட்டுமே. கடையில் வேறு முறையில் குறிக்கப்பட்ட 35 ஐ வாங்கிப் போட்டால் பியூஸ் எரியுமுன் வயர் எரிந்துவிடும். வெள்ளித்தாள் சுற்றுவதும் கம்பி வைத்துக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது வேலை: சோதித்தல்

எல்லாம் பூட்டியாயிற்று என்று பற்றரியை நேரே கொடுக்காதீர்கள். 12 வோல்ற், 21 வாற் பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயர் பிடியுங்கள். பற்றரியின் ஒரு முனையை வழமைபோலப் பூட்டி, மற்ற முனைக்கும் காரின் வயருக்கும் இடையில் இந்தப் பல்பை வையுங்கள். எல்லாச் சுவிச்சும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கதவுகளும் மூடியிருக்க வேண்டும். பல்ப் எரியாவிட்டால் நல்லது. பிரகாசமாக எரிந்தால், எங்கோ ஒரு வயர் தகட்டைத் தொடுகிறது. பல்ப் இடையில் இருப்பதால் மின்சாரம் 2 அம்பியருக்கு மேல் பாயாது, வயர் எரியாது. நிதானமாகத் தேடலாம்.

நான் போன வீட்டில் முதல் நாள் பல்ப் பிரகாசமாக எரிந்தது. மகன் பதறிவிட்டான். தாய் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கிளையாகக் கழற்றச் சொன்னார். பதினோராம் இலக்கத்தைக் கழற்றியதும் பல்ப் அணைந்தது. பின்கதவோரம் ஒரு ஆணி வயரைத் துளைத்திருந்தது. அரை மணித்தியால வேலை. கொப்பி இல்லாவிட்டால் முழுவதையும் பிரித்திருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு மாலை லைற்றுகள் எரிந்தன. மாமியாரைக் கதிரையில் இருத்திக் காட்டினார்கள். அவர் எதுவும் பேசவில்லையாம். கைகாட்டியை மட்டும் இன்னொரு முறை எழுப்பச் சொன்னாராம். இயந்திர வேலையும் பிறேக் வேலையும் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒரு திருத்தகத்திடம் கொடுத்திருக்கிறார்கள். வீதியில் ஓட இன்னும் மாதங்கள் ஆகலாம். ஆனால் இப்போது அது இரும்பு அல்ல, கார். கேட்டு வருபவரோடு பேசும் விலையும் வேறு.

எது நம் வேலை, எது அல்ல

வயர் எழுதுதல், இலக்கமிடுதல், கட்டுதல், ஏர்த் தேய்த்தல், சோதித்தல் ஆகியவை பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் வேலைகள். இவற்றை வீட்டிலேயே செய்யலாம். டைனமோவைப் பிரித்தல், மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியைச் சரிசெய்தல், ஏர்த் முறையை மாற்றுதல் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிறேக்கை ஒருபோதும் பரீட்சித்துப் பார்க்கும் பொருளாக எடுக்கக் கூடாது.

எல்லாக் காரையும் மீட்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. அடிச்சட்டம் முற்றாகக் கறள் தின்றிருந்தால், பதிவுப் பத்திரமே இல்லாவிட்டால், சாப்பாட்டுச் செலவிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருந்தால், விற்பதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் விற்குமுன் வாகனம் தெரிந்த இருவரிடம் காட்டி விலை கேளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நாட்டில் இருந்த பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தாலும் புதிய வாகனம் எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை. கதவு, விளக்கு வளையம், கைகாட்டி, டைனமோ ஆகிய ஒவ்வொன்றையும் தேடித் திரிபவர்கள் இருக்கிறார்கள். நிறைக்குக் கொடுத்தால் அத்தனையும் இரும்பின் விலைக்குப் போய்விடும்.

பத்திரங்கள்

கார் கணவரின் பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழைக் கொண்டு உரித்தை மாற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும். காணாமற்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் கொடுப்பதில்லை. அதைக் கட்டாயமாக எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைக் குடும்பத்தினர் பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. ஆனால் அவருடைய சொத்துகளைப் பராமரிக்கக் குடும்பத்துக்கு வழி செய்கிறது. உங்கள் வாகன விடயத்துக்கு எது தேவை என்பதைப் பிரதேச செயலகத்திலும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலும் கேட்டறியுங்கள். பழைய பதிவுப் புத்தகம் கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

கையில் தங்கும் தொழில்

வாகன மின்னியல், தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறக்கூடிய ஒரு பயிற்சி. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். மகனுக்கு மட்டும் விசாரிக்காமல் மகளுக்கும் விசாரியுங்கள். பாரம் தூக்கும் வேலை இதில் குறைவு. கண்ணும் கையும் நினைவும் கூடுதலாக வேண்டும். முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இதே அறிவுதான் தேவை. ஊரில் இவை இல்லாத ஒழுங்கை இல்லை.

நான் போன வீட்டு அக்காவிடம் இப்போது இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு முச்சக்கர வண்டியில் பின் லைற் எரியவில்லை. மற்றவருக்கு உழவு இயந்திரத்தில் ஹோர்ன் அடிக்கவில்லை. இரண்டும் ஏர்த் கோளாறு. தையல் மெசினுக்குப் பக்கத்திலேயே குறடும் சோதிக்கும் பல்பும் இருக்கின்றன.

சகோதரிகளே, உங்கள் முற்றத்தில் ஒரு வாகனம் நின்றால், இந்த வாரம் ஒரு கொப்பியோடு அதனருகே போங்கள். பொனற்றைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் முதல் வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். பிறகு அடுத்தது. விற்பதா வைத்திருப்பதா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். அதுவரை, “இது இனி ஓடாது” என்று படலையில் நின்று சொல்பவரிடம், “பார்த்துச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.